மாமியார் வீட்டுப் பாஷை

"நீ ஒண்ணும் பேச வேணாம். சிரிச்ச முகமா உக்காந்திரு, அது போதும்" என்றான் கணவன், லிஃப்டில் ஏறியதும்.

அவளும் சமர்த்தாகத் தலையாட்டினாள். மனசுக்குள் மட்டும், இருடா ராசா, இன்னைக்கு உன் வீட்டையே அசத்திக் காட்டுறேன் என்று சொல்லிக்கொண்டாள்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகு, மாமியார் வீட்டுக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. மாமியாருக்கு அவள் மேல் தனியாகக் கோபம் ஒன்றும் இல்லையாம். "நம்ம பாஷை தெரியாதவகிட்ட நான் என்னத்தப் பேசுறது? அதுக்குச் சுவத்தைப் பாத்துப் பேசிட்டுப் போறேன்" என்று மகனிடம் சொன்னதோடு சரி. மாமனார் நடையாய் நடந்து கெஞ்சித்தான் இந்த மதியச் சாப்பாட்டுக்கே வழி பிறந்திருந்தது. இன்றைக்கு ஒட்டவில்லை என்றால் இனி ஒட்டவே போவதில்லை.

பாஷைதானே? அதுவும் யாரிடம்? பேச்சு சரியாக வராத குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுப்பவள் அவள். வராந்தாவில் ஒரு குழந்தை அழுதாலே, அதற்கு எந்த எழுத்து வராது என்று உள்ளே இருந்தபடி சொல்லிவிடுவாள். அப்படி ஒரு காது. அந்தக் காதின் மேல் அப்படி ஒரு கர்வம்.

கணவனிடம் கற்றுத் தரச் சொன்னால் "அப்புறம் பாக்கலாம்" என்று நழுவுவான். வீட்டில் அவளோடு அவள் பாஷையில்தான் பேசுவான். ஆனால் சாயங்காலமானால் அம்மாவுக்குப் போன் போடுவான் இல்லையா? அப்போது இவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு, அவன் பேசுவதை ஒரு சொல் விடாமல் பொறுக்கிக்கொள்வாள்.

சொற்களைவிட அவளுக்குப் பெருமை, தானாகவே கண்டுபிடித்த ஒரு சூட்சுமம். அவள் பாஷையில் 'ஸ' என்ற எழுத்தே கிடையாது. அவர்கள் பாஷையில் தடுக்கி விழுந்தால் 'ஸ'. கடையில் வாங்கின பாடப் புத்தகமோ, நாக்கை உள்ளே அடக்கிப் பாம்பு மாதிரிச் சீறச் சொன்னது. கதவுக்குப் பின்னால் கேட்டது வேறு. 'ஸ' வருகிற இடமெல்லாம் நாக்கு நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும். மெத்தென்று ஒரு 'த' விழும். ஒரு தடவைகூடத் தப்பாது.

புத்தகம் எழுதினவன் ஜனங்களோடு பழகாதவன், பாவம் என்று அதைப் பரணில் போட்டாள். விதி பிடிபட்ட பிறகு என்ன தடை? கணவன் வாயில் ஒரு நாளும் வராத சொற்களுக்குக்கூட அதே விதியைப் போட்டு, குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகினாள். நாக்குக்கு அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

கதவைத் திறந்த மாமியார் இரண்டு வார்த்தை பேசினார். இரண்டிலும் 'ஸ' இருந்தது. இரண்டையும் சீறினார். கோபத்தில் இருக்கிறவர் சீறத்தானே செய்வார் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள். பின்னாலேயே வந்த நாத்தனாரும் சீறினாள். அம்மாவின் கோபம் பெண்ணுக்கும் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

எல்லோரும் மேஜையில் உட்கார்ந்து தட்டில் கை வைத்ததும், அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு அவர்கள் பாஷையில் ஆரம்பித்தாள். அத்தை கையால் சாப்பிட ரொம்ப நாளாக ஆசை என்றாள். ஜன்னல் திரை அழகாக இருக்கிறது என்றாள். 'ஸ' நிறைய வருகிற சொற்களாகப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றிலும் நாக்கு நுனி தவறாமல் எட்டிப் பார்த்தது.

மாமனாருக்குப் புரையேறியது. நாத்தனார் கையில் கரண்டி அந்தரத்தில் நின்றது. மாமியார் கண் கலங்கி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனார்.

உருகிவிட்டார். அவளுக்குப் புல்லரித்தது. மேஜைக்கு அடியில் கணவன் அவள் காலை மிதித்தான். இன்னும் கொஞ்சம் பேசச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு, சோறு மல்லிகைப்பூ மாதிரி வெந்திருப்பதைப் பற்றி இன்னொரு நீளமான வாக்கியத்தையும் எடுத்துவிட்டாள்.

"அண்ணி, போதும், நிறுத்துங்க" என்றாள் நாத்தனார். குரலில் அனல்.

அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. எங்கேயோ கெட்ட வார்த்தை ஏதாவது விழுந்துவிட்டதோ? அத்தனை நாள் பாத்திரம் கழுவினது வீணா?

மாமியார் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார். நேரே அவள் முன்னால் நின்றார்.

"இந்த மாதிரிப் பேச உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரல அத்தை" என்றாள், பயத்திலும் விதி பிசகாமல். "சாயங்காலம் உங்ககிட்ட இவர் போன் பேசுவார்ல, கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன். உங்க பாஷையில நான் கேட்டதெல்லாம் இவர் ஒருத்தர் பேச்சுதான்."

மாமியார் அவளைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் தலை தட்டுக்குள் போயிருந்தது. மாமியாரின் தோள் குலுங்கியது. அழுகை என்று பார்த்தால், சிரிப்பு.

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"என் பிள்ளைக்குச் சின்ன வயசுலேர்ந்தே 'ஸ' வராதுடி, அசடே. ஊர்ல எல்லாரும் அவனை இப்படிப் பேசிக் காட்டித்தான் அழ வைப்பாங்க, நீயும் அதுக்குத்தான் வந்திருக்கேன்னு நினைச்சேன். மத்தபடி நாங்க எல்லாரும் நல்லாத்தான் பேசுறோம்."