அனுப்பும் பாட்டு

உடுக்கையின் இடுப்புக் கயிற்றைப் பூசாரி இறுக்கிப் பார்த்தார்.

லஞ்ச் பிரேக் விட்டிருந்தார்கள். இருக்கிற ஒரே கேமராவுக்கு ஒரு குடையை விரித்து வைத்துவிட்டு, எல்லோரும் தயிர்சாதப் பொட்டலத்தோடு வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள்.

இடிந்த வீட்டுக்குள் அவரும் அந்த நடிகையும்தான்.

பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம். அந்தியூர்ப் பக்கம் அதே வீடு. அதே நடிகை தர்ஷினி. புடவைகூட அதேதான், துவைத்து எடுத்து வந்திருந்தார்கள். உடுக்கை அடிக்கவும் அதே மாசிலாமணிப் பூசாரி. நிஜமாகப் பேயோட்டுகிற ஆள் உள்ளூரிலேயே இருக்கும்போது அதற்கு ஒரு நடிகன் எதற்கு என்று டைரக்டர் முதல் பாகத்திலேயே சொல்லிவிட்டார்.

அந்த முதல் பாகம்தான் மூன்று வருஷமாக அவரைத் தூங்கவிடவில்லை.

அன்றைக்குப் பேயை அழைக்கும் பாட்டை அவர் முழுசாகப் பாடினார். அவள் தலைவிரித்து ஆடினாள். அழைத்ததை அனுப்பி வைக்கவும் ஒரு பாட்டு உண்டு. அதற்கு அவர் வாய் திறக்கும்போது, வெளிச்சம் போய்விட்டது, பேக்கப் என்று சொல்லிவிட்டார்கள்.

சினிமாக்காரர்களுக்கு வெயில் போய்விடுமோ என்றுதான் பயம். பேய் போகாமல் நின்றுவிடுமோ என்ற பயமெல்லாம் கிடையாது.

நடிப்புதானே என்று அவரும் உடுக்கையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அதுதான் அவர் செய்த பாவம்.

படம் வெளிவந்ததும் அவர் மகள் செல்போனில் காட்டினாள். பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் பேயோட்டியவருக்கு நடிப்பு எது, இறங்கியது எது என்று தெரியாதா என்ன?

இந்தத் தடவை வந்ததும் வராததுமாக, அனுப்பும் பாட்டு உண்டா என்று டைரக்டரிடம் கேட்டார். இல்லையாம். பேய் போய்விட்டால் மூன்றாம் பாகத்தை எதை வைத்து எடுப்பதாம்.

தர்ஷினியின் அம்மாவிடமும் ஜாடையாக விசாரித்தார். முன்பெல்லாம் பெண் வாய் ஓயாமல் பேசுவாளாம், எடுத்ததற்கெல்லாம் மல்லுக்கு நிற்பாளாம். அந்தப் படத்துக்கு அப்புறம் அடங்கிப்போய்விட்டாளாம். கும்பிடாத தெய்வமில்லை, இப்போதுதான் புத்தி வந்தது என்றாள் அந்த அம்மா.

இந்தப் பிரேக்கை விட்டால் வேறு நேரம் கிடையாது.

தர்ஷினி கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடங்கிய குரலில் அனுப்பும் பாட்டை எடுத்தார். வந்த தடத்தைச் சொல்லி, எல்லையைச் சொல்லி, ஆற்றைத் தாண்டிப் போய்விடு என்று கெஞ்சுகிற பாட்டு.

மூன்றாவது அடியில் அவள் திரும்பினாள்.

கோபமே இல்லை. அவருக்காகப் பாவப்படுகிற மாதிரி பார்த்தாள்.

“எனக்கென்னங்க பூசாரி, நான் போயிருவேன். ஆனா அந்தப் புள்ள அன்னைக்கே போயிருச்சு. நான் எந்திரிச்சா இந்த உடம்பு உழுந்துரும்.”

அவர் கை உடுக்கை மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து அம்மா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் உருட்டி ஊட்டினாள். அவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். உதட்டோரத்துப் பருக்கையை அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“எத்தனை பதவிசா இருக்கறா பாருங்க பூசாரி. இவ ஒருத்திதாங்க எனக்கு.”

அவர் தலையை ஆட்டினார்.

ஷாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அழைக்கும் பாட்டில் நாலு அடி போதும் என்றார் டைரக்டர்.

அவர் முதலிலிருந்து பாடினார். போகச் சொன்ன வாயாலேயே இரு என்று கெஞ்சுகிற மாதிரி தொண்டை கிழியப் பாடினார். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. மானிட்டருக்குப் பின்னால் அந்த அம்மா மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கட் சொன்னார்கள்.

அவர் நிறுத்தவில்லை.