வடத்தின் கடைசி ஆள்

வடம் இன்னும் ஈரமாக இருந்தது. சுப்பையன் தோட்டத்துக் கிணற்றில் காலை இறைப்பு முடிந்த கையோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஒரு முனையில் பழைய மாணவர் சங்கம். மீசையும் தலைப்பாகையுமாகப் பன்னிரண்டு பேர். கனத்த உடம்புக்காரர் என்று அங்கமுத்துவைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். அவர் குதிகாலை மண்ணில் ஊன்றிவிட்டால் அசைக்க ஆள் கிடையாது.

மறுமுனையில் இப்போது படிக்கிற பிள்ளைகள், முப்பத்தொரு பேர்.

அதில் முதல் ஆளாக, தலைமை ஆசிரியர் இரண்டு தரம் விலக்கிப் பார்த்தும் நகராமல் நின்றாள் ஐந்தாம் வகுப்புப் பெருமாயி. பெயர்தான் பெருமாயி. ஆள் அந்த வடத்தின் பருமன்கூட இருக்கமாட்டாள்.

எடப்பாடிக்குத் தெற்கே இருந்த அந்த ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள், தை மாதத்தில் இந்தக் கூத்து நடக்கும். காலையில் பழைய மாணவர்கள் தங்கள் பழைய பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பழைய பதிவேட்டை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவார்கள். "உள்ளேன் ஐயா" என்று சொல்லாமல் வெறுமே கனைத்த சுப்பையனைப் பெஞ்சின்மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். ஏறினார். பெஞ்சு முறிந்தது. சங்கமே புதுப் பெஞ்சு செய்து தரும் என்று தலைவர் சடையன் எழுந்து அறிவிக்க வேண்டியதாகிவிட்டது.

சடையன் பெருமாயிக்குப் பெரியப்பா. ஐந்தாவதோடு அவள் படிப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தவரும் அவர்தான். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அண்ணனைக் கண்டாலே தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிற அங்கமுத்து, பெற்ற அப்பா, அதற்கும் தலையை ஆட்டிவிட்டார்.

அப்படிப்பட்ட அங்கமுத்து இன்று சங்கக் கூட்டத்தில் திடீரென்று எழுந்தார்.

"இந்தப் பொடிசுங்க எங்களை இழுத்துப் போட்டுட்டா, எம்புள்ளையை எட்டாவது வரைக்கும் படிக்க வெக்கறனுங்க. சபையில சொல்றேன், அண்ணனும் கேட்டுக்கட்டும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சடையனும் சிரித்தார். சங்கம் ஆரம்பித்த நாளாகப் பிள்ளைகள் ஜெயித்ததே கிடையாது. பெருமாயிக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளையாட்டுக்காகவேனும் ஒரு அப்பா இப்படிப் பேசலாமா?

தலைமை ஆசிரியர் விசில் ஊதினார்.

முப்பத்தொரு பேரும் பல்லைக் கடித்து இழுத்தார்கள். பன்னிரண்டு பேரும் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்கள். ஒருவர் இழுக்கிற இழுப்பிலேயே பக்கத்து ஆளிடம் புகையிலை கேட்டார். பெருமாயியின் கால் புழுதியில் கோடு போட்டுக்கொண்டு எல்லையை நோக்கி வழுக்கியது. ஒரு முழம். இன்னும் ஒரு முழம்.

ஈர வடம் கையில் நறநறத்தது. கிணற்று வாசம் மூக்கில் ஏறியது. அவளுக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது.

அந்த ஊரில் பொழுது விடிவதே மாடு கட்டிக் கவலை இறைக்கிற சத்தத்தில்தான். மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். சால் என்கிற பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலே வந்து கொட்டும். கொட்டிய உடனே, மாடு ஓட்டுகிறவர் நீட்டி ஒரு குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்கு மாடு பின்வாங்கும். ஆளும் வடத்தைத் தளரவிட்டு, மாட்டோடு கிணற்றுப் பக்கம் நடப்பார். தினமும் இருநூறு தரம். தூக்கத்தில் கேட்டால்கூட, எதிரே நிற்கிற தோட்டக்காரர்களுக்குக் கை தானாகத் தளரும்.

பெருமாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பொறகே... பொறகே... ஹோய்!"

முதலில் அசைந்தது கடைசி ஆள். அங்கமுத்து வடத்தைத் தளரவிட்டு இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டார். அவருக்கு முன்னால் நின்றவர் வந்தார். அதற்கும் முன்னால் நின்றவர் வந்தார். சுப்பையன் நாக்கைச் சொடுக்கி, இல்லாத மாட்டைத் தட்டிக்கொடுத்தபடி சாவதானமாக எல்லையைத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் விழித்துக்கொண்டார். அதற்குள் பின்னால் வந்தவர்கள் அவர்மேல் சரிந்துவிட்டார்கள்.

முப்பத்தொரு பிள்ளைகளும் மல்லாந்து விழுந்து, மல்லாந்தபடியே கூச்சல் போட்டார்கள். தலைப்பாகைகள் அவிழ்ந்து மைதானம் முழுக்க ஓடின. தலைமை ஆசிரியர் விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து சிரித்ததில், அவர் சிரிக்கச் சிரிக்க அது பீப்பீ என்று ஊதியது.

"இது செல்லாது!" என்று சடையன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சபையில உட்ட வார்த்தைங்க, தலைவரே!" என்றார் சுப்பையன், குவியலுக்கு அடியிலிருந்து.

கூட்டமே ஆமாம் போட்டது. சடையன் தம்பியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அங்கமுத்து வேட்டியிலிருந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பெருமாயியைத் தோளில் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஊரைச் சுற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவுக்கு மூன்று தரம் நடித்துக் காட்டினாள். முதலில் ஏமாந்தது நம்ம அப்பாதான், அவர் அசைந்துதான் மொத்தமும் சரிந்தது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா அடுப்புப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அப்பா அதற்குள் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தினமும்போலத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்து, நெய்கிற நாடாவைக் கையில் எடுத்தார்.

நான்காம் தரம் நடிப்பதற்குக் கையைத் தூக்கிய பெருமாயி அப்படியே நின்றாள்.

அவர்கள் வீட்டில் மாடு கிடையாது. கிணறும் கிடையாது. இந்த விளையாட்டுக்கு அல்லாமல் அப்பா கவலை வடத்தைத் தொட்டதே கிடையாது.