வியோரிக்கா கேட்கிறாள்

"வியோரிக்கா நேத்து கனவுல வந்தா, ராடா. ஷூ இல்லாம காலு குளிருதாம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ஸம்ஃபிரா நின்றாள். கையில் புத்தம்புது ஷூ. ஒன்றுக்குள் சின்ன மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

வியோரிக்கா ஸம்ஃபிராவின் ஒரே மகள். போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். செத்தவர்கள் கனவில் வந்து எதைக் கேட்டாலும், அந்த வயசில் உயிரோடு இருக்கிற ஒருத்திக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். இவள் போட்டுக்கொண்டால் அங்கே அவளுக்குப் போய்ச் சேரும். வேண்டாம் என்று சொல்ல அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"வியோரிக்கா ஆத்மாவுக்கு," என்று நீட்டினாள் ஸம்ஃபிரா.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்," என்று முறைப்படி சொல்லி வாங்கிக்கொண்டாள் ராடாவின் மகள் இலிங்கா.

ஷூ அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. ராடாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கோட்டு வந்தது. அதற்கடுத்து தோளில் மாட்டும் பை. அப்புறம் ஒரு மேசை விளக்கு.

"செத்த பொண்ணுக்கு வெளக்கு எதுக்குக்கா?"

"அங்க ஒரே இருட்டா இருக்காம்."

பிறகு புத்தகங்கள் வந்தன. எல்லாம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள்.

"சும்மா அலமாரில வச்சா போய்ச் சேராது, ராடா. வாய்விட்டுப் படிக்கணும். சாயங்காலமா எங்க வீட்டுக்கு அனுப்பு."

இலிங்காவின் அப்பா பண்டேலி, எட்டாம் வகுப்போடு மகளுடைய படிப்புக்கு முழுக்குப் போட்ட புண்ணியவான். மகனை மட்டும் டவுன் பள்ளிக்கு அனுப்பியிருந்தான். டீச்சரும், பெண்கள் சங்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவும் கடைவாசலில் வைத்து அவனிடம் மன்றாடிப் பார்த்தார்கள்.

"பெண்ணியமாம் பெண்ணியம். ஆம்பளை சோத்துல மண்ணைப் போடறதுக்கு ஒரு பேரு," என்றான் பண்டேலி.

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஸம்ஃபிராதான்.

"சரியாச் சொன்னே தம்பி. படிச்சவளுக்குச் சோளக்களி கிண்டத் தெரியுமா?" என்று எடுத்தும் கொடுத்தாள். டீச்சர் முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள்.

உயிரோடு இருக்கும் யாருக்கும் பண்டேலி பயந்ததில்லை. செத்தவர்கள் விஷயம் வேறு. மகள் சாயங்காலம் போவதை அவன் தடுக்கவில்லை.

ஒருநாள் இலிங்காவைக் கூப்பிடப் போன ராடா, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள்.

இலிங்கா செத்தவளுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் முன்னால் ரொட்டியும் ஒரு டம்ளர் பாலும்.

ஸம்ஃபிரா அந்த நாற்காலியைப் பார்த்து, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டாள்.

"புரிஞ்சுது," என்றாள் இலிங்கா.

ஊரும் சும்மா இருக்கவில்லை. "உன் பொண்ணுக்கு நடைகூட வியோரிக்கா நடை ஆயிடுச்சே, கவனிச்சியா?" என்றாள் கடைக்காரன் மனைவி. "செத்தவ இவளைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கறா."

கோடை முடிந்தது. ஸம்ஃபிரா மறுபடி வேலியருகே வந்தாள். இந்தத் தடவை கை காலியாக இருந்தது.

"வியோரிக்காவுக்கு டவுன் பள்ளிக்கூடம் போகணுமாம். திங்கக்கிழமை தொறக்கறாங்க. எடம் சொல்லி வச்சுட்டேன்."

அதைக் கேட்டதும் பண்டேலிக்கு வியர்த்துவிட்டது.

"ஷூ குடுத்தா, கோட்டு குடுத்தா. இப்ப நம்ம பொண்ணையே கேக்கறாடி. எல்லாத்தையும் கொண்டுபோய் அவ வாசல்ல வச்சுட்டு வா."

வாங்கியதைத் திருப்பினால் செத்தவள் சும்மா விடுவாளா? ஆனாலும் பெற்ற வயிறு. ராடா பையில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள்.

"அக்கா, உங்க துக்கம் எனக்குத் தெரியாததில்ல. என் பொண்ணை விட்டுடுங்க. வியோரிக்காகிட்ட நீங்களே சொல்லுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

ஸம்ஃபிரா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ராடாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நான் எங்கடி போய் அவகிட்ட சொல்லுவேன்? போனதுலேருந்து ஒரு நாள்கூட என் கனவுல வரல. நாற்காலி போட்டு, பால் வச்சுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். வரவே மாட்டேங்கறா."

"அப்ப இந்த ஷூ, கோட்டு…"

"எல்லாம் அவ உயிரோட இருந்தப்ப கேட்டது. பள்ளிக்கூடம் போறேம்மான்னு இந்தக் கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. உன் புருஷன் பேசறானே, அப்படியேதான் நானும் பேசினேன்."

ராடா பையைக் கீழே வைத்தாள்.

"டீச்சர் வந்தப்ப அப்படிச் சிரிச்சீங்களே அக்கா?"

"நான் டீச்சர் பக்கம்னு தெரிஞ்சா உன் புருஷன் என் கனவை நம்புவானா?"

ராடா வீட்டுக்குத் திரும்பியபோது பண்டேலி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"குடுத்துட்டியா?"

ராடா பையை மேசைமேல் வைத்தாள். ஒரு சாமான் குறையவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"இல்லீங்க. திங்கக்கிழமை இலிங்காவை நீங்கதான் கூட்டிட்டுப்போய்ச் சேக்கணுமாம்."

"ஸம்ஃபிரா சொன்னாளா?"

"வியோரிக்கா சொன்னா. இப்பத்தான் கிணத்தடில என்னை நிறுத்தி."