எந்த 'நாங்கள்'?

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணீங்க, த்யாஷா குட்டி?"

"நாங்க எல்லாரும் காட்டுக்குக் காளான் பறிக்கப் போனோம்."

ப்ரேடாவின் பேனா நின்றது. "யார் யார் போனீங்க?"

"அம்மாவும் நானும்."

"அப்போ 'நாங்க ரெண்டு பேரும்'னுதானே சொல்லணும்?"

"ஊஹூம். நாங்க எல்லாரும்!" என்றாள் ஐந்து வயது த்யாஷா, பிடிவாதமாக.

எங்கள் ஸ்லோவேனிய மொழி இந்த விஷயத்தில் கறார்ப் பேர்வழி. இருவர் என்றால் ஒரு 'நாங்கள்', மூவரோ அதற்கு மேலோ என்றால் வேறு 'நாங்கள்'. பள்ளியில் சேரும் முன் அது பிள்ளையின் நாக்கில் படிந்திருக்க வேண்டும். படியவில்லை என்று ப்ரேடா எழுதிவிட்டால், த்யாஷா இன்னும் ஒரு வருடம் வீட்டில்தான். ஊருக்கே அவர் ஒருவர்தான் பேச்சுப் பயிற்சியாளர். அவர் எழுதினால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

ப்ரேடா இரண்டு பொம்மைக் கரடிகளை மேஜைமேல் வைத்தார்.

"நாங்க ரெண்டு பேரும் தூங்கப் போறோம்," என்று கரடிகளுக்காகப் பேசினாள் த்யாஷா.

மூன்றாவது கரடி வந்தது. "நாங்க எல்லாரும் தூங்கப் போறோம்." சுத்தமான மொழி.

"சரி, நேத்து வீட்டுல என்ன சாப்பாடு?"

"நாங்க எல்லாரும் சூப் குடிச்சோம்!"

அம்மா நீவெஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "அவ சும்மா உளர்றா மேடம். அவங்க அப்பா பிரிஞ்சு போனதுலேர்ந்து வீட்டுல நானும் அவளும்தான்."

"உளறலா? இந்தக் காதை வெச்சுத்தான்மா இத்தனை வருஷமாப் பொழைக்கிறேன். கரடிக்குச் சரியாச் சொல்றவ வீட்டுக்கு மட்டும் தப்பாச் சொல்வாளா? உன் பொண்ணோட இலக்கணம் சரி. நீ சொல்ற கணக்குதான் இடிக்குது." ப்ரேடா கண்ணைச் சிமிட்டினார். "யாரு அது?"

நீவெஸின் முகம் குப்பென்று சிவந்தது. "யாருமில்ல மேடம். நீங்க தப்புன்னே எழுதிக்குங்க."

"பைத்தியமா உனக்கு? ஒரு ரகசியத்துக்காகப் பிள்ளையோட ஒரு வருஷத்தைப் பாழாக்குவியா?" ப்ரேடாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "வெளியே சொல்லத் துப்பில்லாம எவனோ ஒருத்தன் உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கான். நல்லா வளர்த்திருக்கா அவனைப் பெத்தவ!"

நீவெஸ் மகளைத் திரும்பிப் பார்த்தாள். த்யாஷா இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை பெயரைச் சொல்லவே இல்லை. பாழாய்ப்போன இலக்கணம்தான் காட்டிக்கொடுத்துவிட்டது. இவ்வளவு நன்றாகப் பேசுகிற பிள்ளையை வீட்டில் உட்கார வைப்பதா? அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சரின்னே எழுதுங்க," என்றாள். "வீட்டுல நாங்க மூணு பேர்."

"அப்படி வா வழிக்கு!" ப்ரேடா வெற்றிச் சிரிப்புடன் பேனாவை எடுத்தார். "இப்பவாவது சொல்லு. யாரு பெத்த பிள்ளை அவன்?"

நீவெஸ் மெல்ல எழுந்து நின்றாள்.

"நீங்க பெத்த பிள்ளைதான், அத்தை."