பன்னிரண்டாம் அறை வில்லன்

"எங்கே ஒளித்து வைத்தாய்? சொல்லடி! இல்லாவிட்டால் இதே இடத்தில் உன்னைப் புதைத்துவிடுவேன்!"

பன்னிரண்டாம் அறையிலிருந்து வந்த அந்த ஆங்கில உறுமலில் தவமணியின் கையிலிருந்த சூப் தளும்பியது. ஸ்காபரோவிலுள்ள அந்த முதியோர் நேர்சிங் ஹோமில் அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது.

கதவு இடுக்கால் பார்த்தாள். தொண்ணூறைத் தாண்டிய மாக்கஸ், சக்கர நாற்காலியில் இருந்த மனைவி டொரத்தியின் முகத்துக்கு நேரே கைத்தடியை நீட்டிக்கொண்டு நின்றார். டொரத்தியின் உதடுகள் சத்தமில்லாமல் நடுங்கின. அவர் மிரட்டலை நிறுத்தும்போதெல்லாம் இன்னும் வேகமாக நடுங்கின.

தவமணிக்கு அப்படியான குரல் புதிதல்ல. கணவனின் அதே உறுமலுக்குப் பயந்துதான் பதினேழு வருடத்துக்கு முன் கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு ஓடி, வோபர்னில் ஒரு நிலவறை வாடகைக்கு எடுத்தாள்.

நேரே தாதி சிவானியிடம் போனாள்.

"பிள்ளை, உந்த மனிசன் இண்டைக்கும் தொடங்கிட்டுது. இனி உவரை உள்ளுக்கு விடக்கூடாது."

"அவர் அந்தக் காலத்துக் கௌபாய் படங்களில வில்லன், அன்ரி. நூற்றிநாப்பது படம். எல்லாத்திலயும் கடைசியில சூடு பட்டுச் செத்துப்போவாராம்."

"ஆள்தானே செத்தது? புத்தி சாகேல்லையே! அந்த மனிசி பாவம், வாய் திறந்து ஒரு முறைப்பாடு சொல்ல ஏலாது."

"ஓம். எட்டு மாசமா ஒரு சொல் இல்லை. கடைசியாக் கதைச்சதும் அவரைப் பாத்து 'நீங்கள் ஆர்?' எண்டுதான்."

"ஆரெண்டே தெரியாத ஒருத்தன் தினமும் தடியோட வந்து வெருட்டினா எப்பிடி இருக்கும்? நீர் யோசிச்சுப் பாரும்."

சிவானி எழுந்தாள்.

தவமணிதான் முதலில் அறைக்குள் நுழைந்தாள். தடியைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். "வெளியே போங்கள்! இனி இந்தப் பக்கமே வரக்கூடாது!"

"இன்னும் இரண்டு நிமிடம் கொடு." கிழவரின் குரல் உடைந்தது. "நேற்று கிட்டத்தட்ட வந்துவிட்டது."

"என்ன வந்தது? அவருக்கு உயிர் போகிற அளவுக்குப் பயமா?"

சிவானி செக்யூரிட்டிக்கு அழைத்தாள். தவமணி டொரத்திக்கும் அவருக்கும் நடுவே மதில்போல நின்றாள்.

மாக்கஸ் தளரவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் எட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினார். "ஊரே வந்து தடுத்தாலும் உன்னை உயிரோடு விடமாட்டேன்!"

தவமணி அவருடைய மார்பில் கைவைத்து வாசலை நோக்கித் தள்ளினாள்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு குரல் கேட்டது.

"நடுவில் ஒரு வசனத்தை விட்டுவிட்டாய், மாக்கஸ். ஒத்திகையிலும் இதே இடத்தில்தான் விடுவாய்."