இரண்டாவது பிரதி

ஜன்னல் வெயில் மேசைமேல் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் விழுகிறது. அதன் நீல விளக்கு எரிந்து அணைகிறது. உள்ளே பல்லி கத்துவதுபோல் ஒரு ‘டிக்’. திரையில் எதுவும் வரவில்லை. பழைய கம்ப்யூட்டர் போன வாரமே மண்டையைப் போட்டுவிட்டது. அவளுடைய மாமனாரின் ஆஸ்பத்திரிச் செலவுக் கணக்கு முழுக்க இந்த டிஸ்க்கில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று கணவனின் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்; அவர் காலாட்டும் சத்தம் இங்கே கேட்கிறது. கணவன் கேபிளைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகுகிறான். டிக்.

“நம்ம கணக்கை எவன் வீட்டுப் பரண்லயோ போடுறதா?” என்று குதித்தவனை நச்சரித்து, கிளவுடிலும் ஒரு பிரதி போட வைத்தவள் அவள்தான். அந்தத் தெம்பில் சொல்கிறாள்: “இது போனாப் போகட்டும். கிளவுட்ல இருக்குல்ல, எடுங்க.” திரை பாஸ்வேர்டு கேட்கிறது. அவன் விரல்கள் விசைகளின் மேலேயே நிற்கின்றன. “என்ன, மறந்துட்டீங்களா?” “எவனும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நீளமா வெச்சேன். பத்திரமா ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிருக்கேன்.” “எங்க?” அவன் ஹார்ட் டிஸ்க்கை இரண்டு கையாலும் எடுத்துக் காதோடு வைத்துக்கொள்கிறான். கூடத்தில் நாற்காலி நகர்கிறது.