கோபினாவின் விசா

கானாவின் தலைநகர் அக்ராவில், விசா அலுவலகத்தில் கோபினா காத்திருந்தான். நேர்காணலில் கேட்கக்கூடிய கேள்விகளை ஒத்திகை பார்க்காமல் மனைவி எஃபுவா விடுவதாயில்லை.

"பொண்ணு கேட்டு எங்க வீட்டுக் கதவைத் தட்டினப்ப என்ன கொண்டு வந்தே?"

"ஒரு பாட்டில் ஜின்."

"ரெண்டு! எங்க மாமா காதுல விழுந்தா கல்யாணமே செல்லாதும்பார்."

"விசா கிடைக்கலேன்னா?"

"கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். வாயைக் கழுவு!"

அவர்களுடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் ஓடினார்கள்.

அதிகாரி அம்மா கோப்பைப் புரட்டினார். "மாமியார் வீட்டுல என்ன சாப்பாடு?"

"ஃபூஃபூக் களி, மேடம்."

"மெல்லுவீங்களா, அப்படியே முழுங்குவீங்களா?"

"முழுங்குவேன் மேடம். முதல் தடவை, மெல்லக் கூடாதுன்னு தெரியாம மென்னுட்டேன். மாமியார் இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாங்க."

அதிகாரி குலுங்கிச் சிரித்தபடி முத்திரையை ஓங்கிக் குத்தினார். "பாஸ்போர்ட்டுல பிரையன்னு இருக்கு. இவங்க ஏன் கோபினான்னு கூப்பிடுறாங்க?"

"செவ்வாய்க்கிழமை பிறந்தவன்னா இங்க கோபினாவாம். மாமியார் வச்ச பேரு."

"அப்ப இனிமே கானாவிலேயே இருங்க, கோபினா!"

எஃபுவா துள்ளிக் குதித்தாள். அதிகாரி நீட்டிய அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வாங்க, கோபினா ஆனந்தத்தில் இடது கையை நீட்டினான்.

எஃபுவா நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். "சோத்துக் கையை நீட்டு! முத்திரையை அழிச்சிடப் போறாங்க!"